52ஆ 49ஆ: கத்ரீனாவுக்கு அப்புறம் நான் பாத்த தேர்தல்

2005ல கத்ரீனா புயல் வந்து அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல இருக்குற நியூ ஆர்லியன்ஸ் ஊரே முங்கிடுச்சு. 2006 ஆரம்பத்துல ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி மூலமா அங்க வெள்ளச் சேதம் கணக்கெடுக்குற வேலை பாத்தேன். நான் சிவில் இன்ஜினியர். வீடு வீடாப் போயி எத்தனை சதவீதம் சேதம்னு எழுதணும். அந்த நம்பர் 50ஐத் தாண்டி, வீடும் வெள்ள மட்டத்துக்குக் கீழ இருந்துச்சுன்னா, வீட்டையே உயர்த்திக் கட்டினாத்தான் பெர்மிட் கிடைக்கும், அதுக்கு ஆகுற செலவு எங்க இருந்து வரும்? அதனால 52ஐ 49 ஆக்கித் தாங்கன்னு கேட்டு சிட்டி ஹால்ல ஜனங்க க்யூ கட்டி நின்னாங்க.

ஜென்டிலிங்கிற ஏரியாவுல ஒரு வீடு, லண்டன் அவென்யூ கால்வாய் உடைஞ்சப்போ முங்கினது. கதவுல தேடுதல் டீம் ஸ்ப்ரே பெயின்ட்ல போட்ட எக்ஸ் குறி, அதுக்குக் கீழ 0, அப்படின்னா உள்ள யாரும் சாகலன்னு அர்த்தம். சுவத்துல என் நெஞ்சு உயரத்துக்குப் பழுப்பா ஒரு கோடு, டேப்பு சுத்தின ஃப்ரிட்ஜ் வாசல்ல கிடந்துச்சு. அந்த வீட்டுக் கறுப்பினப் பாட்டி ஹூஸ்டன்ல மக கூடத் தங்கியிருந்தவங்க, இதுக்காகவே வந்திருந்தாங்க. "என்ன நம்பர் போட்ட, பேபி?"ன்னு கேட்டாங்க (அந்த ஊர்ல யாரா இருந்தாலும் பேபிதான்). அடுத்த கேள்வி, "ஹூஸ்டன்ல இருந்துக்கிட்டு நான் எப்படி ஓட்டுப் போடுறது?"

அதுதான் அப்போ பெரிய பிரச்சனையே. பிப்ரவரில நடக்க வேண்டிய மேயர் தேர்தலை ஏப்ரல் 22க்குத் தள்ளிட்டாங்க, ஆனா ஊர்ல பாதிப்பேர் திரும்பவே இல்ல. புயலுக்கு முன்னாடி மூணுல ரெண்டு பேர் கறுப்பினத்தவங்க, வெளியூர்ல மாட்டிக்கிட்டதும் பெரும்பாலும் அவங்கதான். லூசியானாவுக்குள்ள வேற ஊர்கள்ல வாக்குச்சாவடி வச்சாங்க, வெளி மாநிலத்துல இருக்குற ஹூஸ்டன்லயும் அட்லாண்டாவுலயும் ஒண்ணுகூட இல்ல, தபால் ஓட்டு போட்டுக்கோன்னு விட்டுட்டாங்க. 2005ல ஈராக் தேர்தலுக்கு அமெரிக்காவுல இருந்த ஈராக்கியர்கள் இங்கயே ஓட்டுப் போட்டாங்க, சொந்த நாட்டுக்காரங்களுக்கு அது முடியாதான்னு அப்போ நிறையப் பேர் கேட்டாங்க, எனக்கு இன்னைக்கும் அந்தக் கோவம் இருக்கு. ஹூஸ்டன்லேர்ந்து பஸ் புடிச்சு லூசியானாவுக்குள்ள இருக்குற லேக் சார்ல்ஸ் ஊர் வரைக்கும் வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போனவங்க உண்டு.

எங்க டீம்ல உள்ளூர்க்காரங்க ரெண்டு பேர், ஒருத்தர் லேக்வியூ ஏரியா வெள்ளைக்காரர், இன்னொருத்தர் லோயர் நைன்த் வார்டு ஏரியா கறுப்பினத்தவர். ரெண்டு பேர் வீடும் கூரை வரைக்கும் முங்கினதுதான். ஒண்ணாத்தான் சாப்பிடுவாங்க, ஆனா எலெக்‌ஷன் பேச்சு வந்தா ரெண்டு பேரும் கம்முனு ஆயிடுவாங்க. லேக்வியூக்காரருக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சு, எப்போ கட்டலாம்ங்கிறதுதான் அவர் கவலை. மத்தவருக்குக் கட்டவே விடுவாங்களான்னு கவலை. காரணம் ஜனவரில பேப்பர்ல வந்த மேப், மறுசீரமைப்பு கமிஷனோட திட்டத்துலேர்ந்து போட்டது, பள்ளமான ஏரியாக்கள் மேல பச்சை வட்டம், அங்கெல்லாம் பார்க் வரலாம்னு. வட்டத்துக்குள்ள அவரை மாதிரி ஆளுங்களோட வீடு, சர்ச் எல்லாம் இருந்துச்சு. கொஞ்ச நாளைக்கு பெர்மிட்டே குடுக்க வேணாம்னு வேற அந்த கமிஷன் சொல்லுச்சு. அப்புறம் கறுப்பினத்தவரான மேயர் ரே நேகின் அதை ஏத்துக்காம யார் வேணா எங்க வேணா கட்டலாம்னுட்டார். இந்த ஊர் மறுபடியும் 'சாக்லேட் சிட்டி' ஆகும், அதாவது கறுப்பினத்தவங்க அதிகமா இருக்குற ஊரா ஆகும்னு அவர் பேசி, அப்புறம் மன்னிப்புக் கேட்டதைத்தான் டிவி திரும்பத் திரும்பக் காட்டுச்சு, ஆனா நான் போன வீடுகள்ல ஒருத்தர்கூட அதைப் பத்திப் பேசல, எல்லாரும் பெர்மிட் பத்திதான் கேட்டாங்க.

மே 20ல நடந்த ரன்ஆஃப்ல, அதாவது முதல் ரெண்டு இடம் வந்தவங்களுக்கு நடுவுல நடந்த ரெண்டாவது ரவுண்டுல, நேகின் ஏறக்குறைய 52 சதவீதம் வாங்கி மிட்ச் லாண்ட்ரூங்கிற வெள்ளைக்காரரைத் தோக்கடிச்சார், அஞ்சாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். 2014ல லஞ்சக் கேஸ்ல அவருக்குப் பத்து வருஷம் ஜெயில்னு ஆனதும், கறுப்பினத்தவங்க தோலைப் பாத்து ஒரு திருடனுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு என்கூட வேலை பாத்த இந்தியர்களே சொன்னாங்க. அவங்ககிட்ட நான் 2002 ரிசல்ட்டப் பாருங்கம்பேன், அப்போ இதே நேகின் ஜெயிச்சது வெள்ளையர் ஓட்டை அள்ளித்தான். 2010ல அதே லாண்ட்ரூ மேயர் தேர்தல்ல முதல் ரவுண்டுலயே 66 சதவீதத்தோட ஜெயிச்சார், கறுப்பினத்தவங்க ஏரியாவுலயும் ஓட்டு குவிஞ்சுச்சு. அதுக்குள்ள அந்தப் பச்சை வட்டத்தை யாரும் பேசுறதில்ல, வட்டத்துக்குள்ள இருந்த பிராட்மூர் ஏரியா திரும்பக் கட்டி எழுந்தாச்சு.