சிறுநீரகம் கெட்ட நாய்க்குத் தயிர்சாதம் ஏன் சரிப்படாது

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பெரும்பாலான வீடுகளில் கறி நின்றுவிடும், தயிர்சாதம் தொடங்கிவிடும். கறி சூடு, தயிர் குளிர்ச்சி, புரதம் குறைந்தால் கிட்னிக்கு நல்லது என்பது கணக்கு. அந்தக் கணக்கில் பாஸ்பரஸ் விட்டுப்போகிறது.

சிறுநீரகம் தளரும்போது உடம்பில் முதலில் தேங்குபவற்றில் ஒன்று பாஸ்பரஸ். அதை வெளியேற்ற பாராதைராய்டு ஹார்மோன் கூடும், எலும்பிலிருந்து கால்சியம் கரையும், கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து சிறுநீரகத் திசுவிலேயே படியும். மிச்சமிருக்கும் சிறுநீரகமும் அதனால் சீக்கிரம் போய்விடும். புரதத்தைக் குறைப்பது வாந்தி, வாய் நாற்றம், வாய்ப்புண் போன்ற, புரதக் கழிவான யூரியா ரத்தத்தில் தேங்குவதால் வரும் தொல்லைகளைத் தணிக்கும். சிறுநீரில் புரதம் ஒழுகினால் அதையும் குறைக்கும். ஆனால் நோய் ஓடும் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதில் பாஸ்பரஸுக்குத்தான் முதலிடம்.

ஆகவே ஓர் உணவைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு கிராம் புரதத்தோடு எவ்வளவு பாஸ்பரஸ் உள்ளே போகிறது? முட்டை வெள்ளைக்கருவில் ஒன்றரை மி.கி. கூட இல்லை. வேகவைத்த எலும்பில்லாத கோழியில் சுமார் 7. முழு முட்டையில் 16, ஏனென்றால் பாஸ்பரஸ் எல்லாம் மஞ்சள்கருவில் இருக்கிறது. தயிரில் 25-க்கு மேல்.

பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 300 கிராம் சோறும் 200 கிராம் தயிரும் போட்டால் புரதம் 15 கிராம் கூடத் தேறாது, பாஸ்பரஸ் 300 மி.கி.யைத் தாண்டும். நாய் மெலியும், தொடைச் சதை வற்றும், பாஸ்பரஸும் இறங்காது. சதை வற்றினால் கிரியாட்டினினும் குறைந்து காட்டும் என்பது இன்னொரு சிக்கல். உணவு வேலை செய்கிறது என்று நாமாக நினைத்துக்கொள்வோம்.

உணவை எப்போது மாற்றுவது என்பதற்கு ஐரிஸ் என்ற சர்வதேசக் குழு வகுத்த நிலைகளைத்தான் டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். நாய்க்கு கிரியாட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 1.4 முதல் 2.8 மி.கி. வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. இரண்டாம் நிலையிலேயே ரீனல் உணவை, அதாவது சிறுநீரக நோய்க்கென்றே தயாரிக்கும் உணவை, தொடங்கலாம். முதல் நிலையில் சிறுநீரில் புரதம் ஒழுகாத நாய்க்கு அவசரமில்லை. ரத்தப் பாஸ்பரஸை, அதே மி.கி. கணக்கில், இரண்டாம் நிலையில் 4.6-க்குள்ளும், மூன்றில் 5-க்குள்ளும், நான்கில் 6-க்குள்ளும் வைத்திருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்: 6-ஐத் தாண்டினாலும் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும். அது நல்ல நாய்க்கான அளவு.

எலிக்காய்ச்சல் மாதிரி திடீரென்று வந்த சிறுநீரகச் சேதம் வேறு விஷயம், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

முடிந்தால் ரீனல் உணவே வாங்குங்கள். ராயல் கேனின், ஹில்ஸ், ஃபார்மினா மூன்றிலும் ரீனல் வகை இருக்கிறது; விலை அதிகம்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 38 நாய்களை வைத்து நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ரீனல் உணவு தின்ற நாய்களுக்கு யூரியா நெருக்கடி குறைவாக வந்தது, ஆயுளும் கூடியது. 'சீனியர்' என்று போட்ட பையை ரீனல் என்று நினைத்து வாங்காதீர்கள். வயதான நாய்க்கான உணவில் பாஸ்பரஸ் குறைவாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பையில் போட்டிருக்கும் சதவீதத்தை அப்படியே ஒப்பிடவும் கூடாது. ஈரத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். டின் உணவில் ஈரம் 78 சதவீதம், பாஸ்பரஸ் 0.1 என்றால் 0.1-ஐ 22-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 0.45. உலர் உணவில் ஈரம் 10, பாஸ்பரஸ் 0.9 என்றால் சரியாக 1. ரீனல் உணவு 0.2-க்கும் 0.5-க்கும் இடையில் இருக்கும். பாஸ்பரஸ் அளவே அச்சிடாத பையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டுச் சமையல்தான் என்றால், பத்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாள் அடிப்படை இப்படி இருக்கும்: வெந்த வெள்ளைச் சோறு 250 கிராம் (அரிசியாக ஏறக்குறைய 90 கிராம்), முழு முட்டை ஒன்று, வெள்ளைக்கரு இரண்டு, வேகவைத்த எலும்பில்லாத கோழி 30 கிராம், நெய்யோ எண்ணெயோ இரண்டு டீஸ்பூன், சுரைக்காய் அல்லது பூசணி ஒரு கைப்பிடி. கூட்டிப் பார்த்தால் சுமார் 600 கலோரி, 28 கிராம் புரதம், 290 மி.கி. பாஸ்பரஸ். மேலே சொன்ன தயிர்சாதத்தைவிடப் பாஸ்பரஸ் கொஞ்சம் குறைவு, புரதம் இரண்டு மடங்கு.

கோழியைச் சின்னத் துண்டாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாஸ்பரஸில் ஒரு பகுதி அதோடு போய்விடும். சத்தெல்லாம் தண்ணீரில்தான் இருக்கிறது என்று அதையே சோற்றில் ஊற்றிப் பிசைகிற பழக்கம் இந்த நாய்க்கு ஆகாது. முட்டையை வேகவைத்தே போடுங்கள். உப்பு வேண்டாம், வெங்காயம் பூண்டு வேண்டவே வேண்டாம். கண்ணளவை நம்பாமல் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கறியில் 30 கிராம் என்பது நாம் நினைப்பதைவிடச் சின்ன அளவு.

கணையம் முன்பு வீங்கிய நாய்க்கு நெய்யைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

இது வெறும் அடிப்படைதான். இதில் கால்சியம், துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாமே குறைகின்றன. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் சிறுநீரக நோய்க்கென்று வெளிவந்திருந்த 67 வீட்டுச் செய்முறைகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். எல்லாச் சத்தும் போதிய அளவில் இருந்த செய்முறை ஒன்றுகூட இல்லை. அதனால் டாக்டரிடம் கேட்டு விட்டமின்-தாதுக் கலவை ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். கால்சியத்துக்கு முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாக அரைத்துக்கொள்ளலாம். ஒரு கிராமில் 380 மி.கி. வரை கால்சியம். இந்த அளவு உணவுக்கு ஒன்றரை கிராம் போதும்; ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே ஏறியிருந்தால் இதைக் கொடுக்கக் கூடாது. கடையில் விற்கும் நாய்க் கால்சியம் சிரப்பை எடுக்குமுன் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் கால்சியத்தோடு பாஸ்பரஸும் வைட்டமின் டியும் சேர்ந்தே வரும். எலும்புத் தூளிலும் அதே கோளாறு.

கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக்கால், கோழித்தலை, கழுத்து எல்லாம் எலும்பு, அதாவது பாஸ்பரஸ். ஈரல், மண்ணீரல், நெத்திலி, கருவாடு, பன்னீர் அனைத்தையும் நிறுத்துங்கள். ராகியிலும் பருப்பிலும் பாஸ்பரஸ் நிறைய, ஆனால் பெரும்பகுதி பைட்டேட் என்ற, எளிதில் செரிக்காத வடிவில் இருப்பதால் முழுதாக உடம்பில் சேராது; எப்போதாவது ஒரு கரண்டி ராகிக் கூழால் ஒன்றும் ஆகிவிடாது. பாக்கெட் சாசேஜ், நக்கெட்டில் சேர்க்கும் பாஸ்பேட் அப்படியல்ல, கிட்டத்தட்ட முழுதும் ரத்தத்தில் ஏறும். லேபிளில் ஐஎன்எஸ் 450, 451, 452 என்று இருந்தால் அதுதான். தாத்தா டீயோடு தின்னும்போது கீழே போடும் நாலு பிஸ்கட்டையும் கணக்கில் சேருங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை நல்லது. மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம், வைட்டமின் ஏ, டி சேர்ந்துபோகும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ரத்த அழுத்தத்துக்கோ புரத ஒழுக்குக்கோ எனலாப்ரில் தின்கிற நாய்க்குக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்கக் கூடாது. அடிக்கடி மூத்திரம் போகிறது என்று ராத்திரியில் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியவில்லை, அதனால்தான் போகிறது. போன நீர் திரும்ப வந்தாக வேண்டும்.

புது உணவுக்கு மாறுவதில்தான் பலர் தோற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது, குமட்டலோடு இருக்கும் நாய்க்கு முதன்முதலாக ரீனல் உணவை வைத்தால், அந்த வாசனையையும் குமட்டலையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு பிறகு எப்போதும் அதைத் தொடாது. முதலில் வாந்திக்கு மருந்து, வீட்டுக்கு வந்து பசி திரும்பிய பின் புது உணவு. கால் பங்கில் தொடங்கி பத்து நாளில் முழுதாக மாற்றலாம், முரண்டு பிடித்தால் மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பாக, சின்னச் சின்ன வேளைகளாகக் கொடுங்கள். கசப்பு மாத்திரையை இந்த உணவில் ஒளிக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பாஸ்பரஸ் பாருங்கள். உணவு சரியாக இருந்தும் இறங்கவில்லையென்றால் டாக்டர் பைண்டர் எழுதுவார். அது உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்வது, ஆகவே சாப்பாட்டோடு கலந்து போனால்தான் வேலை. காலியான வயிற்றில் கொடுத்தால் வீண். மருந்துக்கடையில் அலுமினியம் ஹைட்ராக்சைடு கேட்டால் மனிதர்களுக்கான ஆன்டாசிட் சிரப்பை நீட்டுவார்கள். அநேகமாக மெக்னீசியமும் கலந்திருக்கும். சிறுநீரகம் கெட்ட நாய்க்கு அது ஆகாது.

நான்காம் நிலைக்கு வந்த நாய் எதையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால், குமட்டல் மருந்தும் பசி மருந்தும் பார்த்தாகிவிட்டது என்றால், உணவுக் குழாய் வைக்கலாமா என்று டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் அது. அதற்கு வழியில்லை என்றால் தின்பதைக் கொடுங்கள். பட்டினியில் தன் சதையையே எரிக்கும்போது வரும் யூரியா, தட்டில் வைக்கும் கறியால் வருவதைவிட மோசம். தயிர்சாதம் மட்டும்தான் இறங்குகிறது என்றால் தயிர்சாதமே போடுங்கள், தயிரை இரண்டு ஸ்பூனாகக் குறைத்து, வெள்ளைக்கருவை மசித்து, நெய் ஊற்றி, பைண்டரைக் கலந்து.