அந்த ஏழு

"மனசு எத்தனைடா?" என்று கேட்டேன். தம்பி கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "ஏழு அண்ணே" என்றான்.

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில், திருச்சி பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது நடந்தது. அவன் ஆடப் போன கோவா போக்கர் டோர்னமென்ட் முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. பதில் சொல்வதற்கு முன் அவன் டீ கிளாஸைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை.

போக்கர் சீட்டாட்டத்துக்கு நான் தயார் செய்கிற பசங்களில் தம்பியும் ஒருவன். அவர்களிடம் கடைசி ரெண்டு நாள் சீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. பிளைண்ட் என்பது சுற்றுக்குச் சுற்று போட்டே ஆக வேண்டிய பந்தயம். கையிலுள்ள சிப்ஸ், அதாவது பந்தய வில்லைகள், பதினைந்து பிளைண்டுக்குக் கீழே போனால் எந்தச் சீட்டோடு மொத்தத்தையும் வைத்து ஆல் இன் போவது, எதை மடக்குவது என்பதெல்லாம் அதற்கு முன்பே மனப்பாடமாகி இருக்க வேண்டும். கடைசி ரெண்டு நாள் தூக்கம், சாப்பாடு, தோல்வி. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தோற்றுப் பார்க்கச் சொல்வேன். நம் கையில் ரெண்டு ஏஸ், எதிராளியிடம் ரெண்டு கிங், மொத்த சிப்ஸும் நடுவில். நூற்றுக்கு 82 தடவை நாம்தான் ஜெயிப்போம். மிச்சமுள்ள பதினெட்டில் ஒன்றை, கடைசிச் சீட்டாகக் கிங் விழுகிறவரைக்கும் மனசுக்குள் ஓட்ட வேண்டும். அப்புறம் எழுந்து, கை கொடுத்துவிட்டு வெளியே நடப்பதையும். எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில் சம்மணம் போட்டு இதைச் செய்தபோது தம்பி முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இவன் தயார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியாக, கிளம்பும்போது நம்பர். பத்துக்கு எத்தனை? ஆறுக்குக் கீழே என்றால் உட்காராதே, திரும்பி வந்துவிடு. இது நான் வைத்த விதி. டில்ட், அதாவது மனசு நிலை தவறி ஆடுவது, தோற்ற பிறகு வருவது என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்தே அதைக் கொண்டுபோய் மேஜையில் உட்காருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்று காலையில் அவன் வீட்டில் நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். கோவாவுக்கு எதற்குப் போகிறான் என்று அவன் ஆத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. "சூதாடின காசோட இந்த வாசப்படி ஏறாதே" என்று சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடாமல் கிளம்பி வந்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் அடுத்தடுத்து ரெண்டு டீ குடித்தான். என் வீட்டில் கொடுத்துவிட்ட சீப்புச்சீடைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தான். ரெண்டையும் நான் பார்த்தேன். மேஜையில் எதிராளி சிப்ஸை அடுக்குகிற விதத்தை வைத்து அவன் கையைக் கணிக்கிறவன் நான்.

பார்த்தும் ஏன் கேட்கவில்லை? ஆறுதான் பாஸ் மார்க் என்று அவனுக்குச் சொல்லி வைத்தவனும் நானேதான். பாஸ் மார்க் தெரிந்தவன் ஏழு சொல்லாமல் நாலா சொல்வான்?

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். 35,000 ரூபாய் நுழைவுக் கட்டணத்தில் என் பங்கு நாற்பது சதவீதம். விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு ஆன்லைனில் பணம் வைத்து ஆட வழியில்லை. முன்பெல்லாம் ஒன்று போனால் ராத்திரியே இன்னொன்று ஆடலாம். இப்போது கோவாவுக்குப் போய் உட்கார்ந்தால்தான் உண்டு. அதனால் ஒவ்வொரு ஆட்டமும் கனமாகிவிட்டது, அவனுக்கும் எனக்கும். அவன் "ஏழு" என்றதும் என் நெஞ்சுக்குள் ஒன்று இறங்கியது. அவனுக்காக இறங்கியதா, பங்குக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் நன்றாகவே தாண்டினான். ரெண்டாம் நாள் பபிள். இன்னும் ஒருவர் வெளியேறினால் மிச்சமுள்ள எல்லோருக்கும் பரிசுப் பணம். வேறு மேஜைகளில் ரெண்டு பேர் மூன்று பிளைண்டோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவனிடம் பதினெட்டு. மேஜையிலேயே பெரிய அடுக்கு வைத்திருந்தவர் ஆல் இன் போட, இவன் ரெண்டு குயினோடு கால் செய்தான், தன் மொத்தத்தையும் வைத்து அதற்கு ஈடு கொடுத்தான். அவரிடம் ஏஸ் கிங். ரிவரில், அதாவது கடைசிச் சீட்டாக, கிங்.

குயின்ஸ் வைத்துக் கால் செய்தது தப்பா? சிப்ஸ் கணக்கில் சரி, நூற்றுக்கு ஐம்பத்தைந்து தடவையாவது அவன்தான் ஜெயிப்பான். பபிள் கணக்கு வேறு. அந்த ரெண்டு பேரில் ஒருவர் போகிறவரைக்கும் மடக்கியிருக்கலாம் என்றும் வாதாடலாம். அந்தப் பெரிய அடுக்குக்காரர் எந்தெந்தச் சீட்டோடு அப்படி ஆல் இன் போடுவார் என்பதைப் பொறுத்தது. நான் ரெண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் திரும்பி வந்து தம்பி சொன்னது சீட்டைப் பற்றி இல்லை. "ஜெயிச்சாலும் தோத்தாலும் சீக்கிரம் முடிஞ்சாப் போதும், வீட்டுக்குப் போகணும்னு தோணுச்சு அண்ணே. அப்ப குயின்ஸ் வந்துச்சு."

இதைக் கேட்ட பிறகு எந்தக் கணக்கைப் போட்டு என்ன?

மனக்கஷ்டம் உள்ளவனையெல்லாம் நிறுத்தினால் மேஜையில் ஒருத்தனும் இருக்க மாட்டான் என்றும் தோன்றுகிறது. எங்கள் ஐயா இறந்த மாதம் நான் ஆடியதுதான் என் வாழ்க்கையிலேயே நல்ல ஆட்டம். அன்று யாராவது நம்பர் கேட்டிருந்தால் ரெண்டு என்று சொல்லியிருப்பேன், உட்கார்ந்திருக்க மாட்டேன். அப்படியானால் அந்த விதியே தப்பா? இல்லை, எனக்கு ஒன்று அவனுக்கு ஒன்றா? அவனை அன்று திருப்பி அனுப்பியிருந்தால், ஆத்தா சொன்னது ஜெயித்துவிட்டது என்றல்லவா வீட்டுக்குள் போயிருப்பான்? இப்போதும் அப்படித்தான் போனான், தோற்றுவிட்டு. ஆத்தா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை 14,000 ரூபாய் ஜிபேயில் வந்தது. "உங்க பங்கு அண்ணே" என்று ஒரு வரி. பங்கு என்றால் நட்டத்திலும் பங்குதான், இது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடனே திருப்பி அனுப்பினேன். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் வந்தது, இந்தத் தடவை வரி எதுவும் இல்லாமல். அது என் கணக்கில் அப்படியே கிடக்கிறது. அவனுக்குப் போன் போட வேண்டும். போனை எடுக்கிறேன், முதலில் என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன்.