சீஸ் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போக நாலு மாசம் போட்ட பிளான்

2023 செப்டம்பர்ல நான் தனியா இத்தாலில இருக்கிற ப்ரா ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரே நெனப்புதான், இத அம்மா ஒரு தடவ பாக்கணும். அம்மாவுக்கு சீஸ்னா பீட்சா மேல உருகி நூல் நூலா வர்ற அந்த வெள்ளை சமாச்சாரம் மட்டும்தான் தெரியும், ஆனா பால் தெரியும், அது யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். எங்க ஊரு ஊத்துக்குளி பக்கம், வெண்ணெய்க்குப் பேர் போன இடம். முப்பது வருஷத்துக்கு மேல எருமை வெச்சுப் பாத்து, தயிர் கடைஞ்சு, வெண்ணெய் எடுத்துதான் எங்களப் படிக்க வெச்சாங்க. அதனால 2025ல அவங்க மூணு மாசம் சூரிச்ல எங்கூட வந்து இருக்கப் போறாங்கன்னு முடிவான அன்னைக்கே இந்தத் திருவிழா தேதியப் பாத்து வெச்சுட்டேன், செப்டம்பர் 19ல இருந்து 22 வரைக்கும்.

தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன். திருவிழாவோட பேரே சீஸ்தான். ப்ரா, பீட்மான்ட் மாகாணத்துல டுரின்ல இருந்து தெக்கால ஒரு 50 கிலோமீட்டர், மொத்தமே 30 ஆயிரம் பேர் இருக்கிற சின்ன ஊரு. 1997ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, ஒத்தப்படை வருஷம் செப்டம்பர்ல, வெள்ளில இருந்து திங்கள் வரைக்கும் ஊரோட தெரு, சந்து, மைதானம் எல்லாம் சீஸ் கடையாயிடும். நடத்துறது பாரம்பரிய சாப்பாட்டக் காப்பாத்தப் பாடுபடற ஸ்லோ ஃபுட்ங்கற இயக்கமும் ஊர் நகராட்சியும். 1986ல வேர் விட்ட அந்த இயக்கத்தோட தலைமை ஆபீசும் இதே ஊர்லதான், ஆரம்பிச்ச கார்லோ பெத்ரினியும் இந்த ஊர்க்காரர்தான். தெருவே திருவிழாங்கிறதால உள்ள போக டிக்கெட் கிடையாது. உக்காந்து ருசி பாத்து கத்துக்கிற வகுப்புகளுக்கு மட்டும் தனியா காசு கட்டி முன்னாடியே புக் பண்ணணும்.

மொத தடவ போனப்ப நான் எந்த ஏற்பாடும் பண்ணல. சனிக்கிழமை மத்தியானம் போய் எறங்கினா கூட்டத்துல ஒரு கடைக்காரர்கிட்டயும் நின்னு பேச முடியல, கொடுத்த துண்டெல்லாம் வாய்ல போட்டுட்டே போய் ஒரு மணி நேரத்துல எதுக்கு என்ன ருசின்னே தெரியாத மாதிரி நாக்கு மரத்துப் போச்சு. அதனால இந்த தடவ மொத முடிவே வெள்ளியும் திங்களும் மட்டும் திருவிழா, சனி ஞாயிறு திருவிழா பக்கமே தலை வைக்கறதில்ல.

ரூம் விஷயத்துக்கு வர்றேன். மே மாசமே தேடினேன், அப்பவே ப்ரா ஊருக்குள்ள ஒண்ணும் கெடைக்கல, கெடைச்சதும் எங்க பட்ஜெட்டுக்கு எட்டாத வெல. ஆல்பா, சவில்யானோ, ஃபொஸ்ஸானோன்னு சுத்தி இருக்கிற ஊர்லயும் தங்கலாம், ஆனா நான் டுரின்ல போர்த்தா சூசா ஸ்டேஷன் பக்கம் எடுத்தேன், ஏன்னா அங்கருந்து ப்ராவுக்கு நேரா லோக்கல் ரயில் இருக்கு, சுமாரா ஒரு மணி நேரம், எறங்கி கொஞ்சம் நடந்தா கடைகள் ஆரம்பிச்சிடும். அம்மாவுக்கு முட்டி வலி, அவங்களுக்கு நின்னு நடக்கறதவிட ரயில்ல உக்காந்து வர்றது சுலபம். சூரிச்ல இருந்து மிலான், மிலான்ல மாறி டுரின். 2023ல நான் போனப்ப ஆல்ப்ஸ் மலைக்கு அடில போற கோத்தார்ட் ரயில் சுரங்கத்துல சரக்கு ரயில் தடம் புரண்டு கெடந்ததால பழைய மலைப்பாதை வழியா சுத்திப் போனோம், இப்ப 57 கிலோமீட்டர் சுரங்கம் திரும்பத் தெறந்தாச்சு. அம்மாவுக்கு சுவிஸ் விசாதான், அது பல ஐரோப்பிய நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசாங்கிறதால இத்தாலிக்குத் தனியா ஒண்ணும் வேண்டியதில்ல.

இதெல்லாம் ரெண்டு நாள்ல முடிஞ்ச வேல. மிச்ச நாலு மாசமும் போனது ஒரே ஒரு கேள்விக்கு. அம்மா சுத்த சைவம், முட்டைகூட தொடமாட்டாங்க. சீஸ் சைவமான்னு கேட்டா நம்மாளுங்க பாதிப்பேர் பால்ல செய்யறதுதானேன்னு சொல்லிடுவாங்க. பாலைத் திரிய வைக்கறதுக்கு ஐரோப்பாவுல பாரம்பரியமா ஊத்தறது பால்குடி மாறாத கன்னுக்குட்டியோட நாலாவது வயித்துல இருந்து எடுக்கிற நொதி, ரென்னெட்னு சொல்வாங்க. ஆட்டுக்குட்டி வயித்துல இருந்தும் எடுப்பாங்க. பார்மெசான்னு நாம சொல்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோவுல கன்னுக்குட்டி ரென்னெட்தான் போடணும்ங்கறது அவங்க சட்டதிட்டத்துலயே இருக்கு. ரிக்கோட்டா அந்த சீஸ் எடுத்த மிச்சத் தண்ணிய காய்ச்சி எடுக்கறதுங்கிறதால சுத்தமா பாக்கறவங்களுக்கு அதுவும் ஆகாது. இங்க பாக்கெட்ல பச்சைப் புள்ளியெல்லாம் இருக்காது.

இத மறைச்சு அம்மாவக் கூட்டிட்டுப் போறதுல எனக்கு இஷ்டமில்ல. டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம், "கன்னுக்குட்டிய அறுத்தா எடுக்கறாங்க கண்ணு? எனக்கு அது வேண்டாம். ஆனா அவிய எப்புடி பண்றாங்கன்னு பாக்கறேன், கூட்டிட்டுப் போ"ன்னாங்க.

அப்பறம்தான் தேட ஆரம்பிச்சேன், தேடினா எவ்வளவோ இருக்கு! போர்ச்சுகல்ல செர்ரா த எஸ்த்ரேலா, ஸ்பெயின்ல தோர்தா தெல் கசார், ரெண்டும் செம்மறி ஆட்டுப் பால், ரெண்டுக்கும் கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி ரென்னெட் கிடையாது. ஆர்டிசோக் குடும்பத்துல ஒரு முள்ளுச்செடி இருக்கு, கார்தூன்னு பேரு, அதோட ஊதாப்பூவக் காய வெச்சு தண்ணில ஊறப்போட்டு அந்தத் தண்ணிய பால்ல ஊத்தினா திரிஞ்சிடும். பல நூறு வருஷமா அப்படித்தான் செய்யறாங்க. இத்தாலிலயே ரோம் பக்கத்துல காச்சோஃபியோரேன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் அதே பூதான். ஆக அம்மாவுக்கு மூணு சீஸ் உறுதி. ஒரு கையடக்க நோட்டுல தமிழ்லயே எழுதி வெச்சுக்கிட்டேன்: கே கால்யோ உசாத்தே, அதாவது என்ன ரென்னெட் போடறீங்க. வித்தெல்லோன்னு பதில் வந்தா கன்னுக்குட்டி, அஞ்ஞெல்லோன்னா ஆட்டுக்குட்டி, வெஜெத்தாலேன்னா செடி. லாத்தே க்ரூதோன்னா காய்ச்சாத பால். அல்பெஜ்ஜோன்னா கோடைல மலை மேல மேய விட்டு அங்கயே செஞ்சது. கேள்விய அவங்க மொழில கேட்டா கடைக்காரங்க மொகமே மாறுது, நின்னு பொறுமையா சொல்றாங்க.

சாப்பாட்டுக்கும் இதே கவனம் வேணும். அந்தப் பக்கம் பாஞ்ஞா காவ்தான்னு காய்கறி தொட்டு சாப்பிடற ஒண்ணு பாக்க சைவம் மாதிரியே இருக்கும், உள்ள நெத்திலி மாதிரி மீன் கரைஞ்சிருக்கும். அஞ்ஞொலொத்தின்னு சின்னச் சோமாசி மாதிரி பாஸ்தா, அதுக்குள்ள கறி. தஜரின் நூடுல்ஸ்ல முட்டை. அம்மாவுக்குக் கைகொடுத்தது ஃபாரினாத்தா, கடலமாவக் கரைச்சு பெரிய தாம்பாளத்துல ஊத்தி அடுப்புல வேக வெக்கறது, வெங்காயம் மட்டும் இல்லாத கடலமாவு தோசைதான். கூடவே புளிசாதம் கட்டிட்டுப் போனோம்.

வெள்ளிக்கிழமை காலைல போனோம். கடைக்காரங்க பலகைய விரிச்சு சீஸ அடுக்கிட்டு இருக்கிற நேரம், கூட்டம் சேரல. மொத்த விழாவையும் பாக்கற ஆசைய விட்டுட்டு ஆறு கடை மட்டும்னு முடிவு பண்ணியிருந்தேன், அதுல மூணு அம்மா சாப்பிட, மூணு அம்மா கேக்க. தோர்தா தெல் கசார மேல மூடி மாதிரி வட்டமா வெட்டி எடுத்துட்டு உள்ள இருக்கறத ரொட்டில வழிச்சுக் கொடுத்தாங்க, லேசா கசப்பு, அந்தப் பூவோட கசப்பு. அம்மா ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினாங்க. மூணு அடுக்கு கோபுரம் மாதிரி இருக்கிற மோந்தேபோரேவ ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னாங்க. செய்யறவங்களே இல்லாம அழிஞ்சு போற நெலைல இருந்து 1999ல மீட்டெடுத்த சீஸ் அதுன்னு சொன்னேன்.

ஆனா நான் எதிர்பாக்காதது நடந்தது பார்மிஜானோ கடைலதான், அம்மா ஒரு துண்டுகூட சாப்பிட முடியாத கடைல. அங்க இருந்த பெரியவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வந்துச்சு. சாயந்திரம் கறந்த பால ராத்திரி முழுக்க அகலமான தொட்டில விட்டுடுவாங்களாம், காலைல மேல கட்டின ஆடைய எடுத்துட்டு அதோட காலைப் பாலைச் சேப்பாங்களாம். நான் தமிழ்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள அம்மா, "அப்ப அந்த ஆடை எங்க போகுது, கேளு"ன்னாங்க. வெண்ணெய்க்குத்தான்னார் அவர். அம்மா தலையாட்டினாங்க, சரியான பதில்ங்கற மாதிரி. அப்பறம் அவர், ரென்னெட்டுக்கு முன்னாடி நேத்து சீஸ் செஞ்ச பாத்திரத்துல மிஞ்சின தண்ணிய எடுத்து வெச்சு, அது புளிச்சதும் இன்னைக்குப் பால்ல ஊத்துவோம், நாளைக்கு இன்னைக்கோடது, இப்படியே விடாம வருதுன்னார்.

"உறைமோருங்கம்மா"ன்னேன்.

"அதான் நாஞ் சொல்ல வந்தேன். குளிருக்கு என்ன பண்றாராம்? எங்களுக்கு மார்கழில உறையவே உறையாது, சாக்கச் சுத்தி அடுப்போரமா வெப்போம்."

அவர் சிரிச்சுட்டே, சூடு கொறையாம வெச்சு மெதுவா ஆற விடறதுதான் அந்த வேலையோட முக்கால்வாசின்னு சொன்னார். அங்கருந்து கேள்வி மேல கேள்வி, மாட்டுக்கு என்ன தீவனம், ஈத்து எத்தன, எவ்வளவு பால்னு. ஒரு சீஸ் சக்கரம் சுமார் 40 கிலோ, அதுக்கு 550 லிட்டர் பால், கொறஞ்சது 12 மாசம் வெச்சிருந்துதான் விக்கணும். அம்மா அங்கயே கணக்குப் போட்டாங்க, நம்ம எருமை ரெண்டும் சேந்து நாளைக்கு 15 லிட்டர்னு வெச்சாலும் ஒண்ணு செய்ய ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அப்பறம் ஒரு வருஷம் காசு வராது, "அதுவரைக்கும் அவிய என்ன சாப்பிடுவாங்க?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பெரியவர் ரொம்ப நேரம் பதில் சொன்னார். பல பேர் சேந்து நடத்தற பால் கூட்டுறவுகள் பத்தி, முன்பணம் கொடுக்கிற பேங்க் பத்தி. அந்தப் பக்கம் பார்மிஜானோ சக்கரத்த கிடங்குல அடமானமா வாங்கி வெச்சுக்கிட்டு கடன் கொடுக்கிற பேங்க் உண்மையாவே இருக்கு. கொண்டுபோன பட்டியல்ல இன்னும் ரெண்டு கடை மிச்சம் இருந்துச்சு, போகல, எனக்கு அதுல வருத்தமே இல்ல.

காய்ச்சாத பால் பத்தி ஒரு வார்த்தை. 2017ல இருந்து இந்த விழாவுல காய்ச்சாத பால்ல செஞ்ச சீஸுக்கு மட்டும்தான் எடம். பாலைச் சூடு பண்ணினா அந்த ஊரு புல்லுலயும் தொழுவத்துலயும் இருந்து வந்த கிருமி எல்லாம் செத்துடுது, அப்பறம் பாலைப் புளிக்க வைக்க லேப்ல இருந்து பாக்கெட்ல வர்ற கிருமியத்தான் ஊத்தணும், எந்த மலைல செஞ்சாலும் ஒரே ருசி ஆயிடும்ங்கறது அவங்க வாதம். நான் அத முழுசா ஒத்துக்கறேன். ஆனா கர்ப்பமா இருக்கறவங்க காய்ச்சாத பால்ல செஞ்ச சாஃப்ட் சீஸ் பக்கம் போக வேண்டாம், லிஸ்டீரியா கிருமி ஆபத்து நெஜமானது.

சனிக்கிழமை டுரின்ல ரெஸ்ட். ஞாயித்துக்கிழமை பொலென்ஸோ போனோம், ப்ராவோட சேந்த குக்கிராமம், அங்க பழைய ராஜா கட்டின பண்ணை வளாகத்துல 2004ல இருந்து உணவுக்குன்னே ஒரு யூனிவர்சிட்டி நடக்குது. வெளிய இருந்து சுத்திப் பாத்துட்டு மரத்தடில உக்காந்துட்டு வந்தோம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வாங்கறதுக்கு மட்டும். சொத்தோவூவோத்தோன்னு சொன்னா காத்த உறிஞ்சி பேக் பண்ணிக் கொடுப்பாங்க, கெட்டியான சீஸ்னா அப்படியே ரயில்ல கொண்டு வரலாம், வழியற சீஸ மொத நாள் வாங்காதீங்க. சின்னக் கடைக்காரங்களுக்குக் கையில காசு கொடுங்க. சுவிஸ்ல இருக்கறவங்க கவனிங்க, 2025 ஜனவரில இருந்து வரியில்லாம கொண்டு வர்றதுக்கு ஆளுக்கு 150 ஃபிராங்க்தான், முன்னாடி 300 இருந்துச்சு. சீஸுக்கு எடை அளவு இல்ல, வெண்ணெய்க்கு ஆளுக்கு ஒரு கிலோ. அம்மா அந்த ஒரு கிலோவையும் வாங்கினாங்க. வீட்டுக்கு வந்து அத முருங்கைக்கீரை போட்டு உருக்கணும்னாங்க, சூரிச் தமிழ்க்கடைல கீரை கெடைச்சுது, உருக்கினாங்க, மணல் மணலா நல்லாத்தான் வந்துச்சு, ஆனா பசு நெய், மஞ்சளா இருக்கு, நம்ம எருமை நெய் வாசம் வரலன்னு சொல்லிட்டாங்க.

அடுத்தது 2027. அந்த மிச்ச ரெண்டு கடையையும், பெரியவர் கடையையும் திரும்பப் பாக்கணும்னு இப்பவே சொல்றாங்க. ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் விண்ணப்பிக்கலாம், அதனால மார்ச்லயே போட்டுடணும், தேதி அறிவிச்ச அன்னைக்கே சவில்யானோல ரூம் போட்டுடணும்.