பயிற்சி முடித்த டாக்டர் ஓபியில் என்ன செய்கிறார்?

தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு முதியோர் மருத்துவப் பயிற்சி நடந்தது. அது பயன்பட்டதா என்று பார்த்து அறிக்கை தரும் வேலை, சமூக மருத்துவத் துறையில் இருக்கும் எனக்கு வந்தது. இதே வேலை கைக்கு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எத்திக்ஸ் கமிட்டி, அனுமதிக் கடிதம் எல்லாம் வழக்கம்போல்தான். எதை அளப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து மதிப்பெண்ணை ஒப்பிடுவார்கள். பயிற்சியை மதிப்பிட கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-இல் வகுத்த நான்கு படிகளில் இது, என்ன கற்றார்கள் என்று பார்க்கும் இரண்டாவதோடு நின்றுவிடும். வேலையில் என்ன மாறியது என்பது மூன்றாவது படி. அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

டாக்டர்களின் சம்மதத்தோடு ஓபியில் ஒரு மூலையில் செக்லிஸ்டோடு உட்கார்ந்தேன். சமீபத்தில் விழுந்தீர்களா என்று கேட்டாரா? படுக்கவைத்தும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பி.பி. பார்த்தாரா? நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொன்னாரா? சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பார்த்தாரா? முதல் நாள் யாராக இருந்தாலும் நம் கண்முன் கூடுதல் கவனமாகத்தான் பார்ப்பார்கள். அந்த நாள் குறிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பென்னாகரம் பக்கம் ஒரு பாட்டி கால் வீக்கத்தோடு வந்தார். பிள்ளைகள் பெங்களூரில், பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு வந்திருந்தார். மஞ்சப்பையில் இருந்ததை மேசையில் கொட்டச் சொன்னார் டாக்டர். மக்களைத் தேடி மருத்துவத்தில் கொடுத்த அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை அட்டை ஒன்று. டவுனில் வாங்கிய, வேறு பெயர் போட்ட அதே அம்லோடிபின் இன்னொன்று. பாட்டி இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். அளவு கூடினால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். வீக்கத்துக்கென்று நீர் மாத்திரை எழுதியிருந்தால் பி.பி. இன்னும் இறங்கி, ராத்திரி எழும்போது விழுந்திருப்பார். "ரெண்டும் ஒரே மாத்திரைதான் பாட்டி, இது வேணாம்" என்று ஓர் அட்டையை எடுத்து வைத்தார் டாக்டர். நான் போட்ட டிக்குகளிலேயே எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

இன்னோர் இடத்தில் மனசு கஷ்டப்பட்டது. முதுகு விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்த பெரியவருக்கு "வயசானா அப்படித்தான்" என்று வலி மாத்திரை மட்டும் கிடைத்தது. எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் குடித்த ஊர்கள் இங்கே எத்தனையோ. அதனால் வரும் ஃப்ளோரோசிஸ் நோயில் முதுகும் கழுத்தும் இப்படி விறைத்துப்போகும்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சிப் பாடத்தில் ஃப்ளோரோசிஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாம் மதிப்பிடுவது பயிற்சியை, டாக்டரை அல்ல. இதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள்.

அறிக்கையில் இரண்டு கேட்டேன். பாடத்தில் குடிநீர்க் கேள்வி சேர வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி ஓபியில் உட்கார அனுமதி வேண்டும். முதலாவதற்குச் சரி என்றார்கள். இரண்டாவதற்கு மறுபடி கடிதம் எழுதியிருக்கிறேன்.