கனமான குண்டு கையைக் குறைவாக உதைக்குமா?

என் மனைவியின் தம்பி டெக்சாஸில் இருக்கிறான். சனிக்கிழமை வந்தால் வீட்டு கராஜில் ரீலோடிங் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். சுட்டுத் தீர்ந்த பித்தளை உறைகளைக் கழுவி, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்து அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்தி வைத்து, ஒன்பது எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தானே தயாரித்துக்கொள்கிறான். அங்கே அது சாதாரணப் பொழுதுபோக்கு. இங்கே மலேசியாவில் உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா கையில் இருந்தாலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விடாது. பிரிக்ஃபீல்ட்ஸில் பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிற எனக்கு மிஞ்சுவது கணக்கு மட்டும்தான்.

"147 கிரெயின் கனக் குண்டுக்கு மாறிட்டேன் அத்தான், உதையே தெரியல" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். மாமாக் கடையில் என்னோடு தே தாரிக் குடிக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன் ஒருவரிடம் அதைக் காட்டினேன். "கனமான குண்டு கூடத்தான் உதைக்கும் வாத்தியாரே, நான் சுட்டுப் பார்த்தவன்" என்றார்.

இருவர் சொல்வதும் சரி. பேசுவது வேறு வேறு தோட்டாக்களைப் பற்றி, அவ்வளவுதான்.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒன்பது எம்எம்மில் பரவலாகக் கிடைப்பவை 115, 124, 147. கிராமில் பார்த்தால் 115 ஏறக்குறைய ஏழரை, 147 ஒன்பதரை. கடையில் வாங்கும் 115 கிரெயின் தோட்டா வினாடிக்குச் சுமார் 1150 அடியில் பறக்கும். 147 கிரெயின் 950இலிருந்து 1000 அடி வரை. எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவதைப் போட்டிக்காரர்கள் பவர் ஃபேக்டர் என்பார்கள். நம் படிவம் நான்கு பிள்ளைகளுக்குத் தெரிந்த உந்தம்தான் அது, அலகு மட்டும் வேறு. கடைத் தோட்டாவில் 115க்கு 132 வருகிறது, 147க்கு 140இலிருந்து 147 வரை வருகிறது. ஆக, சார்ஜனின் கை பொய் சொல்லவில்லை.

ரீலோடிங் செய்கிறவன் கடைக்காரன் வைத்த வேகத்துக்குக் கட்டுப்பட்டவன் இல்லை. ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டியில், குறைந்த உந்தத்துக்கான மைனர் பிரிவுக்குப் பவர் ஃபேக்டர் 125 இருந்தால் போதும். அதை எட்ட 115 கிரெயின் குண்டு 1087 அடியில் போக வேண்டும். 147 கிரெயினுக்கு 851 அடி போதும். இரண்டிலும் குண்டின் உந்தம் ஒன்றேதான். ஆனால் இயக்க ஆற்றல் முதலாவதில் சுமார் 409 ஜூல், இரண்டாவதில் 320. ஜூல் கூடினால் உதையும் அதே அளவு கூடும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். துப்பாக்கி பின்னால் வரும் வேகத்தைத் தீர்மானிப்பது உந்தம்.

உந்தம் ஒன்றென்றால் மச்சானின் கைக்கு ஏன் வித்தியாசம் தெரிகிறது? குழலிலிருந்து வெளியே போவது குண்டு மட்டுமல்ல. எரிந்த மருந்தும் வாயுவாக, குண்டைவிட வேகமாகச் சீறிப் போகிறது. அதற்கும் எடை உண்டு, அதுவும் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். இலேசான குண்டை 1087 அடிக்கு விரட்டப் பொதுவாக மருந்து கூடுதலாக வேண்டும். 147க்குக் குறைவாகப் போதும். மிச்சமாகும் உதை அங்கேதான். அதோடு கனக் குண்டு குழலுக்குள் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கிறது. 115 கையைச் சுண்டுகிறது, 147 தள்ளுகிறது. எல்லோருக்கும் அது பிடிப்பதில்லை. ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதி) மந்தமாகத் திரும்புகிறது என்று சொல்லி 124இலேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

குறி விஷயத்தில், எடை கூடினால் குறி கூர்மையாகும் என்று ஒரு விதியும் இல்லை. குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் திருகலாக வெட்டிய உள்வரி எவ்வளவு தூரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்பது எம்எம்மில் வழக்கம் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில், கனத்தால் நீளம் கூடிய 147உம் ஒழுங்காகச் சுழலும். சுற்று மந்தமான குழலில் அது தள்ளாடி, தாளில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை விழலாம். மற்றபடி உதை குறைந்தால் சுடுகிறவன் விசையை இழுக்கும்போது முன்கூட்டியே கை நடுங்குவதில்லை. பாதிக் குறி அதிலேயே சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

விசித்திரமான ஒன்று: மெதுவாகப் போகும் கனக் குண்டு கீழே படும் என்றுதான் யாரும் நினைப்போம். கைத்துப்பாக்கித் தூரத்தில் பெரும்பாலும் மேலே படுகிறது! குண்டு வெளியேறுவதற்குள் உதையில் குழலின் வாய் சற்றுக் கூடுதலாக எழும்பிவிடுகிறது. குறிபார்க்கும் சைட்டைத் திருத்தியே ஆக வேண்டும்.

மருந்தின் அளவை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு குண்டை மாற்றவே கூடாது. ஒன்பது எம்எம் தோட்டாவின் முழு நீளம் 29.69 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நீளக் குண்டு உறைக்குள் ஆழமாக இறங்கும், அடியில் இடம் சுருங்கும், அழுத்தம் சட்டென்று ஏறும், துப்பாக்கியே வெடிக்கலாம். அந்தந்தக் குண்டுக்கு அச்சிட்ட அட்டவணையில் சொல்லியிருக்கும் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மச்சான் இப்போது 870 அடியில் நிறுத்தியிருக்கிறான், பவர் ஃபேக்டர் 128 பக்கம். 851இல் ஒட்டி நிற்கலாமே, உதை இன்னும் குறையுமே என்று கேட்டேன். போட்டியில் தோட்டாவை வாங்கிக் குண்டை எடைபோட்டு, வேகமும் அளப்பார்களாம். 125க்குக் கீழே இறங்கினால் அன்று சுட்டது எதற்கும் புள்ளி கிடையாது.