சார்ஜன் மாமாவின் வரைபடம்

நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்குப் பள்ளித் திடலைப் பற்றி எழுதுவதாகத்தான் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். அதற்குள் சார்ஜன் (சார்ஜென்ட்) மாமா இறந்த செய்தி வந்தது, அப்புறம் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நம் காலத்தில் படித்தவர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டுப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் கொளுத்தும் வெயிலில் "கிரி, கானான்" (இடம், வலம்) என்று நம்மை நடக்கவைத்த அதே குரல்தான், நம் வீட்டுப் பெரியவர்கள் போனபோது வாசலில் நின்று "போலீஸ்ல பெர்மிட் எடுத்தாச்சா? ஐசி (அடையாள அட்டை) எங்கே?" என்று கேட்டது.

பால்மரம் சீவிய குடும்பம் அவருடையது. 1948 ஜூன் 16இல் நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு அவசரகாலம் வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட்டிக்சனில் பயிற்சி முடித்து ராணுவத்தின் ரேஞ்சர் படைக்குப் போனார். கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் காட்டைக் குடைந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டார்களே, 1982இல் திறந்தது, அந்த வேலையாட்களுக்குக் காவல் நின்றவர்களில் அவரும் ஒருவர். அங்கே ஜெரங்காப் சாமாரில், அதாவது மறைத்து வைத்த வெடிப்பொறியில், கால் வைத்து இறந்த ஒரு தோழரை, மழையில் நூரி ஹெலிகாப்டர் இறங்க முடியாமல் போனதால், பொஞ்சோவை (மழை அங்கியை)க் கம்பில் கட்டித் தோளிலேயே சுமந்து வந்திருக்கிறார்கள். "அவங்க அம்மா முகத்தைப் பார்க்கணும்ல தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

1989 டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு ஒப்பந்தமான சில ஆண்டுகளில், 21 ஆண்டுச் சேவை முடித்துப் பென்ஷனோடு ஊர் திரும்பினார். மற்றவர்கள் காவல் வேலைக்குப் போனார்கள். இவர் பழைய வேன் ஒன்றை வாங்கி, மெராந்திப் பலகையில் தாமே பெட்டி செய்து, இறுதிச் சடங்குத் தொழிலைத் தொடங்கினார். தோட்டத்து ஆட்களிடம் அவர் பணத்தைக் கேட்டு வாங்கியதே இல்லை, சம்பளத்துக்குச் சம்பளம் அவர்களாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் அதே ஆட்களில் சிலர், பிணம் தொடுகிறவர் பிள்ளைகளுக்கு அணிவகுப்பு சொல்லித் தரக்கூடாது என்று கிளம்பியபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அந்த வருடம் அவர் திடலுக்குள் வரவில்லை. வேலிக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு, நாங்கள் காலை மாற்றி வைக்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தை வீடு கட்ட விற்ற சமயம் அது. சுடுகாடும் சேர்ந்து போகிறது என்று தெரிந்ததும் சாரணர்களான எங்களை, வரைபடப் பயிற்சி என்று சொல்லி, கொம்பாஸும் கயிறும் கிராஃப் தாளுமாக அங்கே கூட்டிப் போனார். அங்கே எந்த மேட்டிலும் பெயர் இல்லை. நட்டு வைத்த கட்டைகளைக் கறையான் தின்றிருந்தது. பால்மரத்தை எப்போதோ வெட்டிவிட்டுச் செம்பனை போட்டிருந்தார்கள். அவர் கிழவிகளைத்தான் கேட்டார். "ஏழாவது நிரை, கோயில் பக்கமிருந்து ரெண்டு மரம் தள்ளி" என்று அவர்கள் இல்லாத மரத்தை வைத்துச் சொல்லச் சொல்ல, அவர் காலடியால் அளந்து புள்ளி வைத்தார். என் பாட்டி மட்டும் கை காட்ட இடமில்லாமல் நின்றிருந்தார். தாத்தாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனான், திரும்பவில்லை. "இவரையும் எழுதிக்கோ தம்பி" என்றார். "எழுதுறேன்மா" என்று தாளின் வடக்கு ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, தாத்தாவின் பெயரை எழுதினார்.

தோண்டிய நாள்களில் மண்வெட்டியைக் கொஞ்ச ஆழத்தோடு நிறுத்திவிட்டுக் கையால் மண்ணை அள்ளினார். கிடைத்ததை வெள்ளைத் துணியில் முடிந்து, ஊர் மயானத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் வாசித்து "செடியா!" என்றார். நாங்கள் விறைத்து நின்றோம். அந்த மனிதர்களுக்கு உயிரோடு இருந்த காலத்தில் வேலைக்குமுன் ஆள் எண்ணும் பெரட்டில்தான் பெயர் கூப்பிட்டார்கள்.

2020இல் எல்லைகள் மூடிக் கிடந்தபோது அப்பா போனார். மெல்பர்னிலிருந்து என்னால் போக வழியில்லை. பெட்டியை மூடும் முன் மாமா போன் செய்தார். "தம்பி, அப்பா விபூதி பட்டையா போடுவாரா, கீத்தாவா? நீ சொல்லு, நான் வைக்கிறேன்." சொன்னேன். வைத்தார். இங்கே வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கின்றன, ஆனால் அந்த நெற்றியைத் தொட நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கிராஃப் தாள் அவர் மகளிடம் இருக்கிறது, மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பெயர் தெரியாத புள்ளிகள் இன்னும் பல உண்டு, இடம் காட்டிய கிழவிகளில் ஒருவர்கூட இப்போது இல்லை. அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் நம் சங்கத்தில் இருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த மாதமே கேட்டு, பெயரையும் நிரையையும் எனக்கு எழுதுங்கள். அடுத்த மலரில் வரைபடத்தை முழுப் பக்கத்தில் போடச் செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.