மீட் ஏரியில் நீர்மட்டக் கணக்கோடு தூண்டில் போட்ட அனுபவம்

நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் இடையில், கொலராடோ ஆற்றின் குறுக்கே 1935இல் கட்டி முடிக்கப்பட்ட ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்பது மீட் ஏரி. லாஸ் வேகஸிலிருந்து சிறிது நேரக் கார்ப் பயணத்தில் கரையை அடைந்துவிடலாம் என்பதால், படகு வைத்திராத என்னைப் போன்றவர்களுக்கும் இது தோதான இடம். ஆனால் இங்கே ஒரு சங்கடம் உண்டு. சில மாதங்களுக்கு முன் மீன் நன்றாகக் கடித்த இடத்துக்கு மறுபடி போனால், அங்கே தண்ணீரே இருப்பதில்லை. ஆகவே பாறைகளையும் மேடுகளையும் அடையாளம் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரத்தைக் கொண்டே இடத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று 2022 வசந்தகாலம் முதல் செய்து பார்த்து வருகிறேன்.

முறை எளிது. ஏரி நிரம்பியிருக்கும்போது நீர்மட்டம் ஏறத்தாழ 1,220 அடி. பழைய ஆழ வரைபடங்கள் இதைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன. வரைபடத்தில் ஓரிடத்தின் ஆழம் 180 அடி என்றிருந்தால், அந்தத் தரை 1,040 அடி உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அன்றைய நீர்மட்டம் 1,060 அடியாக இருந்தால் அங்கே 20 அடித் தண்ணீர் நிற்கும். 1,045 ஆக இறங்கிவிட்டால் ஐந்தே அடிதான். நீர்மட்டத்தைப் பியூரோ ஆஃப் ரெக்ளமேஷன் எனப்படும் கூட்டாட்சி அரசின் துறை நாள்தோறும் வெளியிடுகிறது. அதோடு, அடுத்த 24 மாதங்களில் மட்டம் எப்படி ஏறி இறங்கும் என்ற முன்கணிப்பையும் மாதந்தோறும் தருகிறது. அணைப் பொறியாளர்களுக்கும் பாசன அதிகாரிகளுக்கும் எழுதப்பட்ட அறிக்கைதான் அது. ஆனால் தூண்டில்காரருக்கு அதைவிடப் பயனுள்ள வாசிப்பு இந்த ஏரியைப் பொறுத்தவரை வேறில்லை என்பேன்.

நான் முக்கியமாகத் தேடுவது ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனை. அட்லாண்டிக் கரையோரத்துக்கு உரிய இந்த மீன் 1969 முதல் இங்கே விடப்பட்டு, தானாகவே பெருகிவிட்டது. ஷாட் என்னும் சிறு மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு, தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்புகளையொட்டி இது உலவுகிறது. உறையவைத்த நெத்திலியைத் துண்டாக்கி முள்ளில் கோத்து, ஈயக்குண்டு கட்டி, அந்த விளிம்பின் மேல் விழும்படி வீசிவிட்டுக் காத்திருப்பதே இங்கே கரையிலிருந்து பிடிப்பவர்களின் வழக்கம். இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் கடி அதிகம். ஆகவே என் கணக்கின் நோக்கம் ஒன்றுதான்: வீசும் தூரத்துக்குள் அத்தகைய விளிம்பு எந்தக் கரையில், எந்த மாதத்தில் வந்து சேரும் என்று முன்கூட்டியே அறிவது.

போல்டர் பீச், ஹெமன்வே துறைப் பக்கத்துக் கரைகளில் கணக்கு பெரும்பாலும் பலித்தது. தரை அங்கே ஓரளவு செங்குத்தாக இறங்குவதால், மட்டம் சில அடிகள் குறைந்தாலும் விளிம்பு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. லாஸ் வேகஸ் விரிகுடாவில் நிலைமை வேறு. இருபது அடிக்கு ஓர் அடி வீதம் சரியும் தரையில் நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் கரை இருபது அடி பின்வாங்குகிறது. பத்தடி இறங்கினால் இருநூறு அடி நடக்க வேண்டும். அப்படி வெளிப்பட்ட தரையில் மேலே காய்ந்த ஏடும் கீழே முழங்கால் புதையும் சேறுமாக இருப்பதால், இருட்டில் அங்கே போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். போதாததற்கு, லாஸ் வேகஸிலிருந்து வரும் ஓடை கொண்டுவந்து சேர்த்த வண்டலால் தரையே உயர்ந்திருப்பதால் பழைய வரைபடம் அந்தப் பக்கத்தில் பொருந்தவும் இல்லை.

எதிர்பாராத தொல்லை ஒன்று: தங்கூசி, அதாவது தூண்டிலின் நைலான் நூல், அறுந்துகொண்டே இருந்தது. 2007இல் இந்த ஏரியில் கண்டறியப்பட்ட குவாகா என்னும் அயல்நாட்டுச் சிறு சிப்பி, ஆழத்திலிருந்த பாறைகளையெல்லாம் மூடி வளர்ந்திருக்கிறது. மட்டம் இறங்க இறங்க அந்தப் பாறைகள் நாம் வீசும் ஆழத்துக்கு வந்துவிட்டன. ஓடுகளின் விளிம்பு கத்திபோல் அறுக்கிறது. முள்ளுக்கு மேலே மூன்று முழ நீளத்துக்குத் தடித்த தங்கூசியை இணைத்துக் கட்டிய பிறகே இழப்பு குறைந்தது. மெல்லிய பின்னல் நூலை மட்டும் நம்பி இந்தக் கரைக்கு வருவது ஈயக்குண்டுகளைத் தானம் செய்வதற்குச் சமம்.

2022இன் குறிப்புகளைத் திருப்பிப் பார்க்கும்போது ஏப்ரல், மே மாதங்களே தனித்துத் தெரிகின்றன. மார்ச் இறுதியில் 1,061 அடியாக இருந்த மட்டம் மே இறுதியில் 1,048 அடிக்கும் கீழே வந்தது. ஜூலையில் 1,040ஐத் தொட்டது. 1937இல் ஏரி நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பின் அவ்வளவு தாழ்ந்ததில்லை. லார்ஜ்மவுத் பாஸ் என்ற இன்னொரு வகை மீன் கரையோர ஆழமற்ற தண்ணீரில் குழி பறித்து முட்டையிடும் பருவமும் அதேதான். இடுப்பளவுத் தண்ணீரில் இட்ட முட்டை பொரித்துக் குஞ்சு நீந்தத் தொடங்குவதற்குள் தண்ணீர் விலகிவிட்டால் அந்தக் குழி வீண். அப்படி வறண்டு கிடந்த வட்டக் குழிகளைக் கரையோரத்தில் நானே பார்த்தேன். படகுக்காரர்களின் பாடு இன்னும் மோசம்: படகை இறக்கும் சரிவுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரைத் தொடாமல் நின்றதால், திறந்திருந்த ஒன்றிரண்டில் நீண்ட வரிசை நின்றது.

மட்டம் ஏன் வசந்தத்தில் இப்படி விழுகிறது என்று கரையில் கேட்டால், பலரும் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளின் நீரூற்றுகளைத்தான் கை காட்டுவார்கள். எனக்கு இந்தப் பேச்சில் பொறுமை குறைவு. ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அதாவது சுமார் 12.3 லட்சம் லிட்டர். ஹூவர் அணைக்குக் கீழ்ப்பட்ட பங்கீட்டில் கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 44 லட்சம் ஏக்கர்-அடி, அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடா மாநிலம் முழுவதற்கும் 3 லட்சம் மட்டுமே. லாஸ் வேகஸ் வீடுகளுக்குள் பயன்படும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, மேலே சொன்ன ஓடை வழியாக ஏரிக்கே திரும்பிவிடுகிறது. பெரும் பங்கு போவது வயல்களுக்கு: கலிஃபோர்னியாவிலுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கின் பாசன மாவட்டம் ஒன்றுக்கே சுமார் 31 லட்சம் ஏக்கர்-அடி உரிமை உண்டு. அங்கேயும் அரிசோனாவின் யூமாவிலும் கால்நடைத் தீவனமான ஆல்ஃபால்ஃபாவுக்கும் காய்கறிகளுக்கும் வெயில் ஏற ஏறத் தண்ணீர் கேட்பு உயர்கிறது. அணையிலிருந்து திறப்பதும் உயர்கிறது. குளிர்காலத்தில் கேட்பு தணிவதால் மட்டம் மீண்டும் ஏறுகிறது. என் குறிப்பேட்டில் ஆண்டுதோறும் தெரியும் ஏற்ற இறக்கம், வானத்தைவிட வயலின் நாட்காட்டியையே அதிகம் பின்பற்றுகிறது.

இதற்கும் அடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கொலராடோ ஆற்று மாநிலங்களின் 1922 ஒப்பந்தம் ஆற்றின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி என்று பிரித்தது. 1944 உடன்படிக்கை மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்த்தது. பிரித்தவர்கள் பார்த்தது வழக்கத்தைவிட ஈரமான ஆண்டுகளின் ஓட்டத்தை. விளைவாக, மேலேயுள்ள பவல் ஏரியிலிருந்து வழக்கமான அளவு வந்தாலும், எல்லோரும் உரிய பங்கை எடுத்து, ஆவியாவதும் போனால், மீட் ஏரிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர்-அடி பற்றாக்குறை விழுகிறது. மட்டத்தில் அது பன்னிரண்டு அடி அளவுக்கு வரும். வறட்சி இல்லாவிட்டாலும் ஏரி இறங்கும் என்பதே இதன் பொருள். 2021 ஆகஸ்டில் முதல் தடவையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, அரிசோனா, நெவாடா, மெக்சிகோ ஆகியவற்றின் பங்குகள் 2022க்குக் குறைக்கப்பட்டன. 2023இன் நல்ல பனிப்பொழிவும், பணம் கொடுத்துத் தரிசு போடச் செய்த வயல்களும், பிற சேமிப்புகளும் சேர்ந்து, 2024 தொடக்கத்தில் மட்டத்தை 1,075 அடிக்கு அருகே கொண்டுவந்தன.

அந்த ஏற்றம் எனக்குப் புதிய பாடமாக அமைந்தது. வறண்டிருந்த கரையில் முளைத்துத் தலையுயரம் வளர்ந்திருந்த டாமரிஸ்க் புதர்கள் தண்ணீருக்குள் போயின. அவற்றின் கிளைகளுக்கிடையே பாஸ் குஞ்சுகள் ஒதுங்கின, அவற்றைத் தேடிப் பெரிய மீன்களும் கரைக்கு வந்தன. ஸ்ட்ரைப்டு பாஸுக்காக வகுத்த கணக்கு லார்ஜ்மவுத்துக்கும் உதவியது: எந்த உயரத்தில் புதர் வளர்ந்திருந்தது என்று முன்பே குறித்திருந்ததால், தண்ணீருக்குள் மறைந்த பின்னும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் 2024 கோடையிலேயே மட்டம் மறுபடி இறங்கியது. 2025இலும் இறக்கம் தொடர்ந்தது.

தற்போது வரைபடத்தில் 1,040 அடிக்கும் 1,000 அடிக்கும் இடைப்பட்ட விளிம்புகளைச் சிவப்பு மையில் குறித்து வருகிறேன். 2007இல் வகுத்த பற்றாக்குறை விதிகள் 2026 இறுதியோடு காலாவதியாகின்றன. அடுத்த விதிகள் எப்படி அமைந்தாலும், மட்டம் 1,040க்குக் கீழே போனால் கரையிலிருந்து எட்டக்கூடிய இடங்கள் எவை என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் பாதிக்கு மேல் தார்ச் சாலையிலிருந்து வெகுதூரம் நடந்து அடைய வேண்டியவை. ஐஸ் பெட்டியையும் இரண்டு ராடுகளையும் அவ்வளவு தூரம் கொண்டுபோக, அகலமான சக்கரம் பொருத்திய கைவண்டி ஒன்றை இந்தக் குளிர்காலத்தில் மணலில் இழுத்துப் பார்க்கப் போகிறேன்.